ஏழ்மை மட்டும்தான் காரணமா? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆயுள் ஏன் குறைவு?

பரணி (ஹூஸ்டன்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மருத்துவத் துறை ஆள் இல்லை, கணினி வேலை பார்க்கிறவன். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை தயாரிக்கும்போது அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் ஆயுள் அட்டவணை கையில் கிடைத்தது. 2023ஆம் ஆண்டுக்கான சராசரி ஆயுள் எண்கள்: வெள்ளையருக்கு 78.4 வயது, கறுப்பினத்தவருக்கு 74.0, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களுக்கு 81.3, ஆசியர்களுக்கு 85.2. பூர்வகுடிகள் நிலை இன்னும் மோசம், 70.1. அதற்குத் தனி இழையே தொடங்கலாம். கோவிட் உச்சத்தில் இருந்த 2021இல் கறுப்பினத்தவரின் ஆயுள் 71ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது.

முதலில் "ஏழ்மைதான், வேறென்ன" என்று நினைத்தேன். ஆனால் ஹிஸ்பானிக் எண் இடிக்கிறது. அவர்களும் பெரிய வசதிக்காரர்கள் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் வெள்ளையரைவிட அவர்களில் மிக அதிகம். அப்படியிருந்தும் வெள்ளையரைவிடக் கூடுதலாக வாழ்கிறார்கள். அப்படியானால் மரபணுவா? என் பக்கத்து மேசைக்காரர் அடித்துச் சொல்கிறார், "அவர்கள் உடம்பிலேயே பிரெஷர் இருக்கிறது, யார் என்ன செய்ய முடியும்" என்று. எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் மறுத்துப் பேச விவரம் போதவில்லை.

இரண்டு கேள்விகள். ஒன்று, இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? இரண்டு, இதை எங்காவது யாராவது உண்மையிலேயே குறைத்திருக்கிறார்களா? கட்டுரைகளில் "விழிப்புணர்வு தேவை" என்று முடித்துவிடுகிறார்கள். அதைத் தாண்டி ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:

இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் இனப்பாகுபாடு என்று சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது. சாப்பாடு, சோடா, உடற்பயிற்சி இல்லாமை, சிகரெட், இதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நம்மவர்களுக்குச் சர்க்கரை வந்தால் "அரிசியைக் குறை" என்று நம் டாக்டரே திட்டுகிறார். அவர்களை மட்டும் யாரும் எதுவும் சொல்லக்கூடாதா? மருத்துவமனைக் கதவு எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது. எமர்ஜென்சிக்குப் போனால் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

சண்டைக்கு வரவில்லை. பரணி கேட்டதற்கு இந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே என்று எழுதினேன்.

ஊசிமல்லி (அட்லாண்டா):

பரணி தம்பி, நான் அட்லாண்டாவின் தென்பகுதியில் டயாலிசிஸ் நர்ஸ். பல வருடமாக இதே வேலை. எனக்குத் தெரிந்த உறுப்பு சிறுநீரகம், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். டயாலிசிஸ் நாற்காலிகளில் பார்த்தால் சுமார் மூன்றில் ஒருவர். எங்கள் யூனிட்டில் காலை ஷிப்டில் சில நாள் எல்லா நாற்காலியிலும் அவர்கள்தான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர், கிடங்கில் சரக்கு ஏற்றும் வேலை. வேலைக்குச் சேரும்போது எடுத்த பரிசோதனையில் பிரெஷர் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுவனத்தில் இன்சூரன்ஸ் கிடையாது, ஏஜென்சி மூலம் வந்தவர். ஒரு இலவச கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அந்த கிளினிக் நேரம் மாறியதும், பகல் ஷிப்டை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. பிரெஷர் வலிக்காது பாருங்கள், அதுதான் வம்பு. சில வருடம் கழித்து ஒரு நாள் கால் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை. மூச்சும் வாங்குகிறது. எமர்ஜென்சிக்கு வந்தபோது பிரெஷர் 230க்கு மேல். சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவு கிரியேட்டினின், அது 14. அன்றிரவே கழுத்து ரத்தநாளத்தில் குழாய் செருகி டயாலிசிஸ். இந்த மாதிரி வந்து சேர்வதை நாங்கள் "கிராஷ்" என்போம். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தநாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா தயார் செய்து, மனசும் தயாராகி, நிதானமாக டயாலிசிஸுக்கு வருபவர்கள் ஒரு ரகம். கிராஷ் ஆகி வருபவர்கள் இன்னொரு ரகம்.

கணக்கன் சார், நீங்கள் சொன்ன எமர்ஜென்சி சட்டம் சரிதான், 1986இலிருந்து இருக்கிறது. அதே சட்டப்படிதான் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சட்டம் உயிர் ஊசலாடும்போது திறக்கிற கதவு. மாதம் சில டாலர் பெறும் லிசினோபிரில் என்ற பிரெஷர் மாத்திரைக்கும், அதைச் சாப்பிட்டபின் ரத்தம் சோதித்து அளவு மாற்ற ஒரு டாக்டருக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. 1972இல் வந்த சட்டத்தால், சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தால் வயது எதுவானாலும் மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) கிடைக்கும். கொஞ்ச காலமாவது வேலை பார்த்து வரி கட்டியிருந்தால் போதும், சென்டரில் டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் நான்காவது மாதத்திலிருந்து. ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகிறது, அரசாங்கம் கட்டுகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தபோது அதே ஆளுக்குக் கட்ட யாரும் இல்லை! ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிகெய்ட். எங்கள் ஜார்ஜியா மாநிலம் அதை முழுதாக விரிவாக்கவில்லை. இன்னும் விரிவாக்காத மாநிலங்கள் பத்து. அவற்றில் டெக்சாஸ், ஃபுளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, தென் கரோலினா, அப்புறம் நாங்கள். வரைபடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் தெற்கு. கறுப்பின மக்களில் பாதிக்கு மேல் வாழ்வதும் தெற்கில்தான். ஜார்ஜியா 2023 ஜூலையில் ஒரு திட்டம் கொண்டு வந்தது, மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததற்குச் சான்று காட்டினால் மெடிகெய்ட். சான்றைப் பதிவேற்ற முடியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

மரபணுவுக்கு வருகிறேன். அது பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். ஏ.பி.ஓ.எல்.1 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதன் ஆபத்தான வடிவம் இரண்டு பிரதிகளாக இருந்தால் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு கூடும். கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு அப்படி இருக்கிறது. ஆனால் அவர்களிலும் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் கெடுவதில்லை. கூடவே வேறு ஏதோ சேர வேண்டியிருக்கிறது.

பிரெஷர் "உடம்பிலேயே இருக்கிறது" என்றால் ஆப்பிரிக்காவில்தானே அதிகம் இருக்க வேண்டும்? சிகாகோவில் ரிச்சர்ட் கூப்பர் என்ற டாக்டரின் குழு மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன், அமெரிக்கா மூன்றிலும் உள்ள கறுப்பினத்தவரின் பிரெஷரை ஒரே முறையில் அளந்து 1997இல் வெளியிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் உயர் ரத்த அழுத்தம் 16 சதவீதம் பேருக்கு, கரீபியனில் 26, சிகாகோ பக்கத்து மேவுட் ஊரில் 33. ஒரே வம்சாவளி, கடல் தாண்டத் தாண்ட ஏறுகிறது. பிறகு ஐரோப்பாவோடு ஒப்பிட்டபோது ஜெர்மனி வெள்ளையருக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிட அதிகம் இருந்தது. உங்கள் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஹிஸ்பானிக் விஷயத்தில் பாதி விடை, குடியேறி வருபவர்கள் பொதுவாக ஆரோக்கியமானவர்களாக இருப்பார்கள், சிகரெட்டும் குறைவு என்பது. மீதி எனக்குப் பிடிபட்டதில்லை.

சோடா பற்றி: ஆமாம், பிரச்சினைதான். எங்கள் நோயாளிகளிடம் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கோலாவில் பாஸ்பரஸ் இருக்கிறது, குடிக்காதே என்று. ஆனால் பழக்கம் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு நாற்பதில் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது, இன்னொருவருக்குக் கழுத்தில் குழாய் வருகிறது. நான் பார்க்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு சங்கதி, இதை வெளியில் சொன்னால் நம்பமாட்டார்கள். சமீபகாலம் வரை ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே கறுப்பினத்தவருக்குத் தனிக் கணக்கு இருந்தது.

பரணி:

அக்கா, மிக்க நன்றி. அந்த 1972 சட்ட விஷயம் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் சொன்னீர்களே, தனிக் கணக்கு, அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? நான் நிரல் எழுதுபவன், சூத்திரமே கொடுத்தாலும் பரவாயில்லை.

ஊசிமல்லி:

சரி, கேளுங்கள்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். அதனால் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா, இதை வைத்து ஒரு மதிப்பீடு போடுவார்கள். அதை ஈ.ஜி.எஃப்.ஆர். என்போம். 100 பக்கம் இருந்தால் நல்லது, 15க்குக் கீழே போனால் செயலிழப்பு. 1999இல் வந்த சூத்திரத்தில் கடைசியில் ஒரு வரி: நோயாளி கறுப்பினத்தவர் என்றால் சுமார் 1.2ஆல் பெருக்கு. 2009இல் வந்த புதிய சூத்திரத்தில் 1.159. ஆய்வுக்கு வந்த கறுப்பினத்தவரிடம் அதே அளவு சிறுநீரகச் செயல்பாட்டுக்குச் சராசரியாகக் கிரியேட்டினின் கொஞ்சம் அதிகம் இருந்ததாம். தசை அதிகம் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டார்கள். தசையை யாரும் அளந்து பார்த்துச் சூத்திரத்தில் போடவில்லை.

ஆய்வகச் சீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரி அச்சாகி வரும். ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு இந்த எண், மற்றவருக்கு இந்த எண். பள்ளி வேன் ஓட்டும் ஒரு அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "என் அம்மா கறுப்பினம், அப்பா வெள்ளை. எனக்கு எந்த வரி, சொல்லு?" என்று கேட்டார். டாக்டர் சிரித்து மழுப்பினார். பதில் இல்லை, எப்படி இருக்கும்?

இப்போது கணக்கைப் பாருங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில், டயாலிசிஸுக்கு வரும் முன்பே நாள் எண்ணத் தொடங்க ஈ.ஜி.எஃப்.ஆர். 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஒருவருக்கு 18 என்று வருகிறது. வெள்ளையர் என்றால் இன்றே அவருடைய கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கறுப்பினத்தவர் என்றால் 18 பெருக்கல் 1.159, 20.9 ஆகிவிடும். "இன்னும் நேரம் இருக்கிறது, அடுத்த முறை பார்க்கலாம்." அந்த அடுத்த முறை வர ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடம் ஆகலாம். பட்டியலில் வரிசை என்பதே நாள் கணக்குதான்.

2021இல் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரக மருத்துவர் சங்கமும் சேர்ந்து அந்தப் பெருக்கலைத் தூக்கிவிட்டு இனம் கேட்காத சூத்திரம் கொண்டு வந்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கறுப்பின நோயாளியின் பழைய சீட்டையும் தோண்டி எடுத்து, பெருக்கல் இல்லாமல் எப்போது 20ஐத் தொட்டிருப்பார் என்று பார்த்து, இழந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மாற்று உறுப்பு மையங்களுக்கு உத்தரவு. ஓராண்டு கொஞ்சம் தாண்டியதும் பார்த்தால் 14,000 பேருக்கு மேல் நாள் திரும்பக் கிடைத்திருந்தது, சராசரியாக ஆளுக்கு இரண்டு வருடம். அப்படி நாள் கூடியதும் சில மாதத்திலேயே சிறுநீரகம் கிடைத்துப் போனவர்கள் உண்டு.

இதைச் செய்ய மருந்து கண்டுபிடிக்கவில்லை, மிஷின் வாங்கவில்லை. ஒரு வரியை அழித்தார்கள்.

சாரல் (சிகாகோ):

ஊசிமல்லி அக்கா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். நான் இங்கே பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், தாய்சேய் நலம் என் பாடம்.

இன்சூரன்ஸும் பணமும் பெரிய பகுதி, ஆனால் முழுக்கதை அதுவும் இல்லை. 2023இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் மரணம் 50.3, வெள்ளையர் 14.5. இதில் ஏழைகளைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம் என்றால், அங்கும் இடைவெளி விடமாட்டேன் என்கிறது. கல்லூரிப் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண்ணுக்குப் பிரசவம் தொடர்பான மரண ஆபத்து, பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளைப் பெண்ணைவிட 1.6 மடங்கு என்று சி.டி.சி. 2019இல் சொன்னது. படிப்பும் வேலையும் காப்பாற்றவில்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் பிரசவம் ஆன மறுநாள் மூச்சுத் திணறி, தனக்கு நுரையீரலில் ரத்தக் கட்டு இருக்கும் என்று அவரே சொல்லி, ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியிருந்தது. ஏற்கனவே அந்த நோய் வந்தவர், உலகமே அறிந்தவர். அவருக்கே அப்படி என்றால் பேர் தெரியாதவர் சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்வது?

மரபணு வாதத்துக்கு என் பாடத்தில் ஒரு பழைய பதில் இருக்கிறது. ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளை எடுத்து மூன்று கூறாகப் பிரித்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாய்மார், அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மார், ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கே வந்த கறுப்பினத் தாய்மார். மூன்றாவது கூட்டத்தின் குழந்தைகளின் பிறப்பு எடை வெள்ளையர் குழந்தைகளுக்குப் பக்கத்தில் இருந்தது, அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் இல்லை. மரபணுதான் காரணம் என்றால் எதிர்மாறாக வந்திருக்க வேண்டும். பிறகு அடுத்த தலைமுறையைப் பார்த்தார்கள். வந்தவர்களின் மகள்கள் இங்கேயே வளர்ந்து பிள்ளை பெற்றபோது, அந்த அனுகூலம் கரைந்து போயிருந்தது.

பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இலிருந்து சொல்லிவருவதும் இதைத்தான். நாள் தவறாமல் எச்சரிக்கையாக, நெஞ்சு படபடக்க வாழ்கிற உடம்பு வயதுக்கு முன்னாலேயே தேய்ந்துவிடுகிறது. இருபது வயதில் பெறுகிறவளைவிட முப்பதில் பெறுகிற கறுப்பினத் தாய்க்கு ஆபத்து கூடுவதை அவர் அப்படித்தான் விளக்குகிறார்.

நான் இருக்கும் ஊரிலேயே பாருங்கள். வெள்ளையர் மிகுந்த ஏரிக்கரை ஸ்ட்ரீட்டர்வில்லில் சராசரி ஆயுள் 90, தெற்கே கறுப்பினத்தவர் மிகுந்த எங்கிள்வுட்டில் 60 என்று 2019இல் கணக்கிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்பது மைல்கூட முழுதாக இல்லை. எங்கிள்வுட் எப்படி எங்கிள்வுட் ஆனது என்று கேட்டால் 1930களில் கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று வீட்டுக்கடன் வரைபடத்தில் சிவப்பு அடித்த கதைக்குப் போக வேண்டும், இப்போது வேண்டாம்.

நடந்த நல்லது ஒன்று: முன்பு மெடிகெய்ட் பிரசவத்துக்குப் பிறகு 60 நாளில் நின்றுவிடும். இதயத் தசை பலவீனமாகிற நோயெல்லாம் அதற்குப் பிறகும் கொல்லும். 2021 சட்டத்துக்குப் பின் மாநிலங்கள் விரும்பினால் ஓராண்டு வரை நீட்டிக்கலாம் என்றானது. கிட்டத்தட்ட எல்லா மாநிலமும் நீட்டித்துவிட்டன, மற்ற மெடிகெய்ட் விரிவாக்கத்துக்கு மாட்டேன் என்ற மாநிலங்கள் உட்பட.

கணக்கன்:

ஆப்பிரிக்காவில் பிறந்த தாய்மார் கணக்கு நான் கேள்விப்படாதது. அது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கிச் சாவை யாரும் பேசவில்லையே? இளைஞர்கள் சாவதில் அதன் பங்கு பெரியது. அதற்கு மாத்திரை உண்டா?

ஊசிமல்லி:

உண்மை. இளம் கறுப்பின ஆண்களுக்கு முதல் எமன் அதுதான், ஆயுள் இடைவெளியில் கணிசமான பங்கும் அதற்கு உண்டு. சில மருத்துவமனைகளில் குண்டடி பட்டு வந்தவர் படுக்கையில் இருக்கும்போதே, அதே தெருவில் வளர்ந்த ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுகிறார். பழிவாங்கக் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அதற்குமேல் அது என் துறை இல்லை, தெரிந்தவர்கள் எழுதட்டும்.

வில்மிங்டன் மாமா:

பிள்ளைகளா, பரணியின் இரண்டாம் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். யாராவது குறைத்திருக்கிறார்களா என்று கேட்டானே. நான் குடியிருக்கும் டெலவேரில் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். குட்டி மாநிலம், பத்து லட்சம் பேரைச் சுற்றித்தான் மக்கள்தொகை.

பெருங்குடல் புற்றுநோய். 2002இல் கொலனாஸ்கோபி (குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) போன்ற பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெள்ளையரில் 58 சதவீதம், கறுப்பினத்தவரில் 48. மாநில அரசு மூன்று காரியம் செய்தது. இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்குப் பரிசோதனைச் செலவைத் தானே கட்டியது. புற்றுநோய் என்று தெரிந்தால் இரண்டு வருடம் வரை சிகிச்சைச் செலவையும் கட்டியது. இது முக்கியம். சோதனை இலவசம், சிகிச்சைக்குக் கையை விரிப்போம் என்றால் எவன் சோதனைக்கு வருவான்? மூன்றாவது, மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒரு நர்ஸை இதற்கென்றே உட்கார வைத்தது.

அந்த நர்ஸின் வேலையைப் பார்த்திருக்கிறேன், எனக்கே போன் வந்தது. முந்தின நாள் குடிக்க வேண்டிய அந்தக் கண்ராவி மருந்து இருக்கிறதே, அதை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், பிரெஷர் மாத்திரையை நிறுத்தலாமா, திரும்பிக் கூட்டிப் போக ஆள் இருக்கிறதா, இல்லையென்றால் வண்டி ஏற்பாடு செய்யட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மயக்க மருந்து கொடுப்பதால் தனியாகப் போனால் சோதனையே செய்ய மாட்டார்கள். தனியாக இருக்கும் எத்தனை பேர் அந்த ஒரு காரணத்துக்காகவே போகாமல் விட்டிருப்பார்கள், யோசியுங்கள்.

2009இல் இரண்டு பக்கமும் 74 சதவீதம். இடைவெளி பூஜ்யம். கறுப்பினத்தவரில் அந்தப் புற்றுநோயால் சாவு 42 சதவீதம் குறைந்தது, வெள்ளையரோடு கிட்டத்தட்ட சமமாகிவிட்டது. செலவைவிடச் சிகிச்சையில் மிச்சமானது அதிகம் என்றும் கணக்குக் காட்டினார்கள். ஏழெட்டு வருடத்தில் நடந்த காரியம் இது.

பரணி:

மாமா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பிரெஷருக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? அதுதானே பெரிய வில்லன் என்கிறீர்கள்.

ஊசிமல்லி:

நடந்திருக்கிறது, முடி வெட்டும் கடையில்.

லாஸ் ஏஞ்சலிஸில் ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் கறுப்பின ஆண்கள் போகும் 52 முடிதிருத்தகங்களைப் பிடித்தார். வழக்கமாக வருகிற, பிரெஷர் 140க்கு மேல் இருந்த 319 பேர். இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும், அந்தக் கடை வெறும் கடை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நாற்காலி, அதே ஆள், பல வருடப் பழக்கம். டாக்டரிடம் சொல்லாததை அங்கே சொல்வார்கள். அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸுக்கு அரசு மருத்துவர்கள் மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்த கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள், வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாயைத் திறப்பார்களா?

பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் பிரெஷர் பார்த்து, டாக்டரிடம் போ என்று எடுத்துச் சொன்னார். மீதிக் கடைகளில் மருந்தாளுநரே கடைக்கு வந்தார். அங்கேயே பிரெஷர் பார்த்து, விரலில் குத்தி ரத்தம் சோதித்து, மருத்துவரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கேயே மாத்திரை எழுதி, அளவை ஏற்றி இறக்கினார். ஆறு மாதத்தில் முதல் வகைக் கடைகளில் சராசரி பிரெஷர் 9 புள்ளி குறைந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27. முதல் வகையில் 130/80க்குக் கீழே வந்தவர்கள் 12 சதவீதம்கூட இல்லை, இரண்டாம் வகையில் 64 சதவீதத்தை ஒட்டி. 2018இல் முடிவுகள் வந்தன. விக்டர் அதே வருடம் காலமானார்.

"எடுத்துச் சொல்வது" 9 தருகிறது, மருந்தோடு ஆள் வந்து நிற்பது 27 தருகிறது. விழிப்புணர்வு முகாம் நடத்துகிறோம் என்று எங்களிடம் துண்டுப் பிரசுரத்தோடு வருபவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும்தான் சொல்வேன்.

கணக்கன்:

அவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றால் அட்லாண்டாவிலும் ஹூஸ்டனிலும் தெருவுக்குத் தெரு ஏன் இல்லை?

ஊசிமல்லி:

மருந்தாளுநருக்குச் சம்பளம் யார் தருவது சார்? ஆராய்ச்சி நடக்கும்வரை ஆராய்ச்சிப் பணம். அது முடிந்ததும், நோயாளியைப் பார்த்து மருந்து சரிசெய்ததற்கு மருந்தாளுநர் மெடிகேருக்குத் தன் பேரில் பில் போட முடியாது, டாக்டருக்கும், மருந்து எழுதத் தகுதி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனருக்கும் உள்ள அந்தஸ்து அவருக்கு இல்லை. அந்தச் சட்டத்தை மாற்ற மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பல தடவை வந்து கிடப்பில் போயிருக்கின்றன. சில மாநிலங்கள் மெடிகெய்டில் வழி செய்திருக்கின்றன. பரணி, உங்கள் அறிக்கை காப்பீட்டு நிறுவனத்துக்குத்தானே? அவர்கள் மருந்தாளுநருக்குப் பணம் கட்டுகிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் ஒரு வரியாகப் போடுங்கள். தனியார் இன்சூரன்ஸ் என்றால் மெடிகேர் கட்டுவதைவிடப் பல மடங்கு இருக்கும்.

நாளை காலை ஷிப்ட், நாலு மணிக்கு எழ வேண்டும். மற்றதை வார இறுதியில் பார்க்கிறேன்.